வலப்பக்கம் தீவு, இடப்பக்கம் கடல்

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். கூடவே புளிப்பு வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் வரிசையாக நிற்கும் எங்கள் சங்கத்து மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர, அந்தச் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்.

எங்கள் வண்டி நகரும்போது மட்டும் சத்தம் வராது. அம்மா பார்த்துப் பார்த்து வைத்த பழங்களை அப்பா குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்கு லா. டயருக்கு இல்ல" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் சொன்னார். எப்போதும் சிரித்துவிட்டுப் போகிற அம்மா அன்றைக்கு அழுதுவிட்டாள். "இன்னிக்கு ஒரு நாளாவது விடக்கூடாதா? பொண்ணு கப்பலேறப் போறா" என்றாள். அப்பா பழங்களோடு போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

கப்பலேறப் போகிற அந்தப் பெண் நான்தான். மாலை நாலு மணிக் கப்பலில் அம்மாவும் நானும் நாகப்பட்டினம் போவதாக ஏற்பாடு. அங்கே அத்தை மகனுக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாக நிச்சயம். அப்பா முகூர்த்தத்துக்கு லீவு போட்டுக்கொண்டு வருவார்.

போன வாரம் நான் கான்வென்ட் பள்ளியில் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அந்தக் காலத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணை வீட்டில் எப்படிக் கலியாணம் செய்யாமல் விட்டார்கள்?" நல்ல கேள்வி. எங்கே விட்டார்கள் அம்மா! பெட்டி கட்டி, டிக்கெட் எடுத்து, கழுத்தில் வழியனுப்பு மாலையும் போட்டாயிற்று. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் மோட்டார் சங்கத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஒன்றும் புரியாது.

செம்புக் கோப்பை

அப்போது வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு மோட்டார் கழகம் வைத்திருந்தார்கள். அதில் நம்மவர்களுக்கு இடம் கிடையாது. கொடுத்திருந்தாலும் போயிருப்பார்களா என்பது சந்தேகம். அங்கே தயிர்சாதம் கிடைக்காது.

அதனால் கார் வைத்திருந்த தமிழர்கள் சிலர் தாங்களே ஒரு சங்கம் சேர்ந்தார்கள். தலைவர் காதர் மரைக்காயர். கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர், எங்களுக்கெல்லாம் மரைக்காயர் மாமா. அவருடைய வண்டி பெரியது, மெதுவானது. நாங்கள் அதை யானை என்போம். சபாபதி மாமா கட்டடக் கான்ட்ராக்டர். நெற்றி நிறைய விபூதி. அவருடைய வண்டி எந்த மேட்டில் ஏறினாலும் முன்னாலிருந்து ஆவி விடும். அதற்குப் பெயர் கெண்டி. அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. எங்கள் வண்டி துணிக்கூரை போட்ட பழைய வண்டி, இரண்டு கைமாறி வந்தது. அது கறுப்பி.

மாதம் ஒரு ஞாயிறு வெளிப்பயணம். மரைக்காயர் வீட்டு மாமி ஒரு பெரிய சட்டி பிரியாணியை யானையின் பின்சீட்டில் ஏற்றிவிடுவார். சட்டி வசதியாக உட்கார்ந்து வர, மாமி ஓரத்தில் ஒடுங்கி வருவார். சைவக்காரர்களின் அடுக்குச் சட்டிகள் கறுப்பியில். தெலுக் பகாங் கடற்கரையில் பாய் விரித்தால் சாயங்காலம்வரை சாப்பாடும் அரட்டையும்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை போட்டி உண்டு. என்ஜின் ஒருமுறைகூட அணையாமல் தீவைச் சுற்றி வருகிறவருக்குச் சுழற்கோப்பை. கோப்பை என்பது பேருக்குத்தான். வெள்ளியில் வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானம் போடுவார்கள், போட்டதோடு சரி. சபாபதி மாமா வீட்டுப் பித்தளைச் செம்பில் சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் அதை அப்பா ஜெயித்தார். அதில் அம்மா மோர் கடைந்துவைக்க, அடுத்த வருஷம் திருப்பிக் கொடுக்கும்போது சபை முழுக்க மோர் வாசனை.

வலம் வருதல்

சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆரம்பித்துவைத்தவர் சபாபதி மாமா.

கோவிலை எப்படிச் சுற்றுகிறோம்? சாமி நமக்கு வலப்பக்கம் இருக்கும்படி. தீவையும் அப்படித்தான் சுற்ற வேண்டும் என்றார் அவர். ஊரிலிருந்து தெற்கே கிளம்பி, ஜெலுத்தோங், பாயான் லெப்பாஸ், பாலிக் புலாவ், பிறகு மலையேறி இறங்கித் தெலுக் பகாங், பத்து பெரிங்கி என்று வீடு திரும்ப வேண்டும். தீவு முழுக்க வலப்பக்கம், கடல் முழுக்க இடப்பக்கம். வெள்ளைக்காரர்கள் இஷ்டத்துக்கு இரண்டு பக்கமும் போவார்கள். எதிரே அவர்களுடைய வண்டி வந்தால் சபாபதி மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அப்பிரதட்சிணமா சுத்தறான் பாரு. வெளங்குவானா?"

சங்கத்தில் யாராவது கப்பலேறினால், அன்று காலை அவர்களை ஒரு தடவை தீவை வலம் கொண்டுவந்துவிட்டுத்தான் துறைமுகத்துக்கு அழைத்துப்போவார்கள். எல்லா வண்டிகளும் கூடவே போகும். வலம் வந்து போனவர்கள் பத்திரமாகத் திரும்பி வருவார்கள் என்று நம்பிக்கை. மரைக்காயர் மாமாவுக்குப் பிரதட்சிணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். "போறவங்க மனசு நெறஞ்சு போவட்டுமே. நமக்கென்ன, ரெண்டு கேலன் பெட்ரோல் தானே" என்பார். துறைமுகத்தில் கப்பல் ஊதினதும் எல்லா வண்டிகளும் பதிலுக்கு ஹாரன் அடிக்கும். அதோடு வழியனுப்பு முடிந்தது.

இதிலெல்லாம் துளிகூட நம்பிக்கை இல்லாத ஒரே உறுப்பினர் என் அப்பா. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வேலை இருக்கிறது என்பார். ராகு காலத்தில் கறுப்பியை வாங்கினவர். ஆனால் ஒவ்வொரு ஊர்வலத்திலும் தவறாமல் கலந்துகொள்வார், கார் ஓட்டுவதில் அவ்வளவு ஆசை. "சாமி கும்பிடப் போறவன் கோயிலுக்குப் போறான். நான் காத்து வாங்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே கிளம்புவார்.

அக்காவின் சொல்

இப்படிப்பட்டவர் எப்படிப் பெற்ற மகளை, அவள் கண்ணால் பார்க்காத ஊரில், பார்க்காத மாப்பிள்ளைக்குக் கொடுக்கச் சம்மதித்தார்?

தாயில்லாத அப்பாவை வளர்த்தவள் அத்தை. சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி, மலாயாவுக்குக் கப்பலேற்றியதும் அவள்தான். அந்த அத்தை நான் பிறந்தபோதே "இவ என் மருமக" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பாவும் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். தொட்டிலில் கிடந்த என்னை யாரும் கேட்கவில்லை. அக்கா சொல்லை அவர் ஒருநாளும் தட்டியதில்லை.

அத்தை மகன் நல்லவன் என்றுதான் சொன்னார்கள். எனக்கு அவன்மேல் கோபமும் இல்லை. ஆனால் கான்வென்டில் மதர் என்னைக் கூப்பிட்டு, சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துப் பழக வருகிறாயா என்று கேட்டிருந்தார். கையில் சாக்குக்கட்டியோடு கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வேண்டும். வேறெதுவும் அப்போது வேண்டியிருக்கவில்லை.

கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் அப்பா வாசலில் கறுப்பியின் பித்தளை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, நான் போய்த்தான் ஆகணுமா?"

அவர் நிமிரவில்லை. துணியால் விளக்கைத் தேய்த்தார். பளபளவென்று ஆன பிறகும் தேய்த்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நான் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா கல் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.

விழுந்து கிடந்த மரம்

எங்கள் பெரிய டிரங்குப் பெட்டி முதல் நாளே கப்பலுக்குப் போய்விட்டது. பட்டுச் சேலைகள், வெள்ளிக் கிண்ணங்கள், அத்தைக்கு ஒரு குடை, எல்லாம் அதில். மேலே அத்தையின் விலாசத்தை அப்பாவே வெள்ளைப் பெயின்டில் எழுதினார். ஆபீசில் எழுதுவதுபோல அழகான எழுத்து.

ஞாயிறு காலை வரிசை கிளம்பியது. முன்னால் யானை, நடுவில் நாங்கள், கடைசியில் கெண்டி. முந்தின இரவு நல்ல மழை. பாயான் லெப்பாஸ் வயல்களில் தண்ணீர் நின்றது. பாலிக் புலாவில் ஜாதிக்காய் காயப்போட்டிருந்த வாசனை வந்தது. அதையெல்லாம் கடைசித் தடவையாகப் பார்க்கிறேன் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மலையேறி, தித்தி கெராவாங் அருவியைத் தாண்டியதும் யானை நின்றது. அதன் பின்னால் எல்லாரும் நின்றோம்.

சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம். வேரோடு சாய்ந்து, இந்தப் பக்கம் மலைச்சரிவும் அந்தப் பக்கம் பள்ளமுமாக அடைத்துக்கொண்டு கிடந்தது. பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, வந்த நாலைந்து மலாய்க்காரர்கள் கோடாரியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மரைக்காயர் மாமா இறங்கிப் போய் மலாயில் கேட்டார்.

"லாமா லாகி, துவான்" என்றார் அவர்களில் மூத்தவர். இன்னும் நேரமாகும் என்று அர்த்தம்.

மரைக்காயர் மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "வந்த வழியே திருப்பு லா. இப்பத் திருப்பினா கப்பலுக்குத் தாராளமா போயிடலாம்."

அம்மாவுக்கு உயிர் வந்தது. எனக்குப் போயிற்று. மரமே, விழுந்தபடியே கிட என்று அதுவரை மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்த எனக்கு, வந்த வழி என்று ஒன்று இருப்பது மறந்தே போயிருந்தது.

எல்லாரும் வண்டியைத் திருப்பத் தயாரானார்கள். அப்பா மட்டும் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"திருப்பக்கூடாது, அண்ணே" என்றார்.

"ஏன் தம்பி?"

"பாதி வலம் வந்தாச்சு. இப்பத் திரும்பினா அது அப்பிரதட்சிணம். வந்த சுத்தும் கழிஞ்சு போயிடும்."

எலுமிச்சம்பழத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது?

சபாபதி மாமாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "முத்தையா, என்ன லா நீ? ஆபத்துக்குப் பாவமில்ல. நானே சொல்றேன், திருப்பு."

"இது ஆபத்து இல்ல, சபாபதி. கலியாணம். நீங்கதானே வழக்கத்தக் கொண்டுவந்தீங்க? உங்க பொண்ணா இருந்தா அரைச் சுத்தோட அனுப்புவீங்களா?"

சபாபதி மாமா தானே கட்டிய கட்டடத்துக்குள் தானே மாட்டிக்கொண்டார், பாவம்.

அம்மா வண்டியிலிருந்தே கத்தினாள். "என்னங்க, கப்பல் போயிடுங்க!"

"போனா போகட்டும். பொண்ணு வாழப் போறா. அரைகுறையா அனுப்ப மாட்டேன்."

"மத்த வண்டியில அனுப்பேன்" என்றார் மரைக்காயர் மாமா. "உனக்கு மனசு ஒப்பலேன்னா என் வண்டியில ஏத்திவிடு. நான் கொண்டுபோய்ச் சேக்கறேன்."

"வண்டி மாறினாலும் வலம் ஒண்ணுதானே, அண்ணே?"

மரைக்காயர் மாமா அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. "பாய எடுத்து விரிங்க" என்று மாமியிடம் சொன்னார். "பிரியாணி ஆறிப் போவுது."

அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம். மரம் வெட்டினவர்களுக்கும் பிரியாணி போயிற்று. சாப்பிட்டுவிட்டு அவர்கள் இன்னும் மெதுவாகவே வெட்டினார்கள். அம்மா ஒரு வாய் சாப்பிடவில்லை. நானோ இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சைவக்காரி நான் தயிர்சாதம்தான் சாப்பிட்டேன், ஆனால் அதுவரை அந்த ருசியில் தயிர்சாதம் சாப்பிட்டதில்லை. ஒருபக்கம் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயம். இன்னொரு பக்கம் வயிறு கொள்ளாத பசி.

பெட்டிக்கு வழியனுப்பு

மரம் விலகி, மலை இறங்கி, பத்து பெரிங்கி கடலோரத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முன்னால் போன யானை மறுபடியும் நின்றது.

இடப்பக்கம் கடல். அதில், கரைக்கு வெகு தூரத்தில், கறுப்புப் புகை விட்டுக்கொண்டு எங்கள் கப்பல் போய்க்கொண்டிருந்தது.

எல்லாரும் இறங்கிச் சவுக்கு மரங்களின் கீழே வரிசையாக நின்றோம். அந்தக் கப்பலுக்குள் எங்கள் பெட்டி இருந்தது. என் பட்டுச் சேலைகளும் அத்தையின் குடையும் எங்களை விட்டுவிட்டு நாகப்பட்டினம் போய்க்கொண்டிருந்தன.

மரைக்காயர் மாமா தொண்டையைச் செருமினார். "வழக்கத்த விட வேணாம்" என்று சொல்லிவிட்டு, போய் யானையின் ஹாரனை அடித்தார். அடுத்தது சபாபதி மாமா. பிறகு ஒவ்வொரு வண்டியாக. கடைசியில் அப்பா, கறுப்பியின் ரப்பர் உருண்டையைப் பிடித்து அமுக்கினார். அது எப்போதும்போல வாத்து மாதிரி கத்தியது.

ஒரு டிரங்குப் பெட்டிக்கு இவ்வளவு மரியாதையான வழியனுப்பு பினாங்கில் அதற்கு முன்னும் பின்னும் நடந்திருக்காது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அழுதுகொண்டிருந்த அம்மா என்னை முறைத்தாள். முறைத்தவள் தானும் சிரித்துவிட்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கப்பல் போகிற திசையில், அக்கா இருக்கிற திசையில், கை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் அத்தைக்குத் தந்தி கொடுத்தார். வலம் வரும்போது மரம் விழுந்து வழி மறித்தது, கப்பல் போய்விட்டது, என்ன செய்யட்டும் என்று கேட்டு. அத்தைக்குச் சகுனம் என்றால் உயிர். பல்லி கத்தினால் போட்ட இலையை எடுத்துவிடுகிற ஆள். வாரக் கடைசிக்குள் மறுதந்தி வந்துவிட்டது. சகுனத்தடை, அனுப்பாதே, பையனுக்கு இங்கேயே பார்க்கிறேன் என்று.

அந்தப் பெட்டியை நான் மறுபடியும் பார்த்தேன். ரொம்ப வருஷம் கழித்து நாகப்பட்டினம் போனபோது, அத்தை வீட்டுக் கூடத்தில், உள்ளே புளி நிறைத்து வைத்திருந்தார்கள். அப்பாவின் வெள்ளை எழுத்து அப்படியே இருந்தது. அத்தையின் மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இது மலாயாவுலேருந்து தனியா வந்த பெட்டி, அக்கா. உங்க நீலப் பட்டத்தான் நான் மறுவீட்டுக்குக் கட்டினேன்" என்றாள். நல்ல பெண். அவளைப் பார்த்தால் நீலம் எடுப்பாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அந்த நிறம் ஒருநாளும் பொருந்தியதில்லை.

அடுத்த ஞாயிறு

மறுதந்தி வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துப் பயணம் எதுவும் இல்லை. அப்பா அம்மாவையும் என்னையும் கடற்கரைக்குக் கிளம்பச் சொன்னார்.

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கடற்கரைக்கு என்றால் எப்போதும் தெற்கே திரும்புகிற கறுப்பி, அன்றைக்கு வடக்கே திரும்பியது. ஊரைக் கடந்து, தஞ்சோங் பூங்காவைத் தாண்டி, பத்து பெரிங்கி சாலையில் விறுவிறுவென்று போயிற்று. அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க இது, இடம் சுத்திப் போறீங்க! அப்பிரதட்சிணம்!"

"மோட்டாருக்கு ஏதுடி பிரதட்சிணம்?" என்றார் அப்பா. "எல்லாம் சபாபதி கிளப்பிவிட்ட கதை. இப்படிப் போனாத்தான் மேடு சுலபம்."

அம்மா அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மலையில் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றாரே, அந்த மனிதரின் பக்தி அந்த ஒரு பிற்பகலோடு சரி. பளபளத்த பிறகும் விளக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்ததற்கும், நான் கேட்ட கேள்விக்கும் பதில் எனக்கு அப்போதுதான் கிடைத்தது.

பின்சீட்டிலிருந்து கை நீட்டி அவர் தோளைத் தொட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"நாளைக்கு ஆபீஸ் போற வழியில உன்னக் கான்வென்டுல விட்டுட்டுப் போறேன். மதர்கிட்ட நீயே பேசிக்க" என்றார்.

நான் தலையாட்டினேன். இடப்பக்கம் தீவு, வலப்பக்கம் கடல்.